மாஸ்கோவின் லியர் மன்னன்

ஊரில் எங்கள் தாத்தாவின் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. அதன் மேல்தட்டில், மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் வரிசையாக நிற்கும். கெட்டி அட்டை; நல்ல தாள்; ஏழை மாணவனும் வாங்கக்கூடிய விலை. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் நான் முதன்முதலில் அறிந்தது அந்த நூல்களின் வழியேதான். எங்கோ பனி கொட்டும் நாட்டில் இருந்துகொண்டு, நம் மொழி அறிந்தவர்களை அமர்த்தி, நம் எழுத்தில் நூல் அச்சிட்டு அனுப்புகிறார்களே என்று தாத்தா வியப்பார். மொழிகளை மதிக்கத் தெரிந்த அரசு அது என்பது அவர் முடிபு. அந்த முடிபையும் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் நான் இந்த வடபுலத்துப் பல்கலைக்கழகத்திற்கு வரலாறு படிக்க வந்து சேர்ந்தேன்.

இங்கே நூலகத்தில் ஒரு நாள் தடித்த நூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. 1952-ஆம் ஆண்டில் மாஸ்கோவில், பூட்டிய கதவுக்குள் நடந்த ஒரு வழக்கின் விசாரணைக் குறிப்பு அது. சோவியத் ஆட்சி முடிந்து ஆவணக் காப்பகங்கள் திறந்த பின்னர், 1994-இல் ருஷ்ய மொழியிலும், 2001-இல் ஆங்கிலத்திலும் அது வெளியாயிற்று. குற்றவாளிக் கூண்டில் 15 பேர். அனைவரும் யூதர்கள். ஆனால், பக்கந்தோறும் அடிபடும் பெயரோ கூண்டில் இல்லாத ஒருவருடையது. வழக்குத் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் மண்ணுக்குள் போய்விட்டார். அரசாங்கமே முன்னின்று, மலர்மாலை சார்த்தி, அவரை அடக்கம் செய்திருந்தது. அவர்தாம் சாலமன் மிகோயல்ஸ் என்னும் நடிகர். யார் இவர் என்று தேடப் புகுந்தேன். தேடியதில் என் தூக்கம் சில இரவுகள் போயிற்று. அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வேலிக்குள் பிறந்தவர்

மிகோயல்ஸ் 1890-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜார் மன்னரின் ருஷ்யப் பேரரசைச் சேர்ந்த டுவின்ஸ்க் நகரில் பிறந்தார். இன்று அவ்வூர் லாட்வியா நாட்டில் டௌகவ்பில்ஸ் என்ற பெயரோடு இருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் ஷ்லோமோ வோவ்சி. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். பழுத்த சமயப் பற்றுடைய குடும்பம். தந்தையின் பெயரை ஒட்டி மிகோயல்ஸ் என்று பிற்காலத்தில் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயரே நிலைத்துவிட்டது.

அந்நாளில் ருஷ்யப் பேரரசில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். ஆனால் விரும்பிய இடத்தில் அவர்கள் வாழ இயலாது. பேரரசின் மேற்கு ஓரத்தில் ஒரு பகுதியை வரையறுத்து, அதற்குள்ளேதான் குடியிருக்கவேண்டும் என்று சட்டம் வேலி கட்டியிருந்தது. கல்லூரிகளில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் யூத மாணவர் சேரக்கூடாது என்ற வரம்பு வேறு. அவ்வப்போது கும்பல்கள் புகுந்து வீடுகளைச் சூறையாடும். இத்தகைய வாழ்விலும் அவர்களுக்கு ஒரு செல்வம் இருந்தது. அதுவே இட்டிஷ் மொழி. வழிபாட்டுக்கு எபிரேயம், அடுப்படிக்கும், சந்தைக்கும், தாலாட்டுக்கும் இட்டிஷ். ஷோலம் அலைக்கெம் போன்ற எழுத்தாளர்கள் அம்மொழியில் சிரிப்பும் கண்ணீரும் கலந்த கதைகளைப் படைத்தார்கள்.

நடிகராகவேண்டும் என்பது மிகோயல்ஸுக்கு இளமைக் கனவு. ஆனால் படித்ததோ சட்டம். பெட்ரோகிராடு பல்கலைக்கழகத்தில் அவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1917-ஆம் ஆண்டின் புரட்சிகள் வந்தன. ஜார் வீழ்ந்தார், யூதரை அடைத்து வைத்த வேலியும் வீழ்ந்தது. அதை நாம் மறக்கலாகாது. அந்த ஆண்டின் நன்றியைப் புரிந்துகொள்ளாமல், மிகோயல்ஸின் பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள முடியாது.

மேடை ஏறினார்

1919-இல் பெட்ரோகிராடில் அலெக்சாந்தர் கிரானோவ்ஸ்கி என்னும் இயக்குநர் ஒரு யூத நாடகப் பயிலகம் தொடங்கினார். 29 வயது மிகோயல்ஸ் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். குள்ள உருவம், அகன்ற நெற்றி, துருத்திய கீழ் உதடு. கதாநாயகன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மேடையில் அவர் ஒரு விரலை அசைத்தால் அரங்கம் அந்த விரலையே பார்க்கும் என்று கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1920-இல் குழு மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. தொண்ணூறு பேர் அமரக்கூடிய சிறு கூடம் ஒன்று கிடைத்தது. அதன் சுவர்களுக்கு ஓவியம் தீட்ட வந்தவர் மார்க் ஷகால். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அதே ஷகால்தான். ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள பெரிய துணியில் இசைவாணரும், கூத்தாடிகளும், ஆடுமாடுகளும் தலைகீழாய்க் குதிக்கும் திருவிழா ஒன்றை வரைந்தார். அந்தக் கூட்டத்தில் மிகோயல்ஸின் உருவமும் உண்டு. 1921 ஜனவரி முதல் நாள் ஷோலம் அலைக்கெமின் குறுநாடகங்களோடு அரங்கம் திறந்தது. விரைவில் அது அரசு யூத நாடக அரங்கம் ஆயிற்று. மாலயா பிரோன்னயா தெருவில் பெரிய கட்டடமும் கிடைத்தது. ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு மொழிக்கு, நாட்டின் தலைநகரில், அரசின் செலவில் ஓர் அரங்கம்! உலகில் வேறு எந்த அரசு அன்று அதைச் செய்தது?

ஆனால் கொடுத்த கை எடுக்கவும் செய்தது. எபிரேய மொழி பிற்போக்கானது, சமயவாதிகளின் மொழி என்று முத்திரை குத்தப்பட்டது. எபிரேயப் பள்ளிகள் மூடப்பட்டன. மாஸ்கோவில் பெரும்புகழ் பெற்றிருந்த ஹபிமா என்னும் எபிரேய நாடகக் குழு 1926-இல் வெளிநாட்டுப் பயணம் போயிற்று, அக்குழு திரும்பவில்லை. தொழுகைக் கூடங்கள் பல பூட்டப்பட்டன. கட்சியிலேயே யூதப் பிரிவு ஒன்று அமைந்து, இவற்றையெல்லாம் யூதரைக் கொண்டே செய்வித்தது. இட்டிஷ் மட்டும் உழைப்பாளர் மொழி என்ற பெயரால் வாழ்ந்தது. வடிவம் எந்த இனத்துக்கு உரியதாகவும் இருக்கலாம், உள்ளடக்கம் கட்சியின் கொள்கையாக இருக்கவேண்டும் என்பதே விதி.

1928-இல் குழு ஐரோப்பாவைச் சுற்றி வந்தது. இயக்குநர் கிரானோவ்ஸ்கி மேற்கிலேயே தங்கிவிட்டார். மிகோயல்ஸ் திரும்பினார். மறு ஆண்டு அரங்கின் தலைமை அவர் தோள்மேல் ஏறியது. நண்பர்களே, இங்கேதான் நான் முதலில் நின்று யோசித்தேன். அவரும் தங்கியிருக்கலாமே! ஆனால் அவருடைய அரங்கமும், நடிகர்களும், அந்த மொழி பேசும் மக்களும் அங்கேயல்லவா இருந்தார்கள்? 1939-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சோவியத் நாட்டில் வாழ்ந்த யூதர் 30 லட்சம் பேர்.

லியர்

1935 பிப்ரவரியில் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகம் இட்டிஷ் மொழியில் மேடையேறியது. இயக்கியவர் செர்கெய் ரட்லோவ். லியராக மிகோயல்ஸ், விதூஷகனாக அவருடைய உயிர்த்தோழர் பெஞ்சமின் ஜூஸ்கின். இங்கிலாந்தின் நாடக மேதை கார்டன் கிரெய்க் அப்போது மாஸ்கோவில் இருந்தார். தம் வாழ்நாளில் கண்ட சிறந்த லியர்களுள் ஒன்றாக அதைப் போற்றினார். இட்டிஷில் ஒரு சொல்லும் அறியாத ருஷ்யர்களும் வந்து குவிந்தனர்.

இதை நம்புவது நமக்குக் கடினமன்று. நம் சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்தன்று என் அறைத் தோழன், தமிழில் ஒரு சொல் அறியாதவன், கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல நடிப்புக்கு மொழி தடையாவதில்லை.

மிகோயல்ஸின் லியர் ஆர்ப்பரிக்கும் கிழவன் அல்லன். ஆட்சியில் ஊறி, தன்னறிவை அளவுக்கு மீறி நம்பி, உலகமே தன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று எண்ணிய ஒரு மனிதன். முடியைத் துறந்த பிறகும் அவன் கை தன்னையறியாமல் தலைக்குப் போகும், முடியைத் தேடும், வெறுந்தலையைத் தடவும். புகழ்ச்சியை உண்மையென்று நம்பியவன், உண்மை பேசியவளை விரட்டியவன், எல்லாம் இழந்த பின்பே கண் திறக்கிறான். இதை மிகோயல்ஸ் நடித்த காலம் எத்தகையது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1936-இல் அவர் மோயிஷெ குல்பாக் என்னும் கவிஞரின் நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். மறு ஆண்டே குல்பாக் கைதாகி மின்ஸ்க் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்தாளர் ஐசக் பாபெல், இயக்குநர் மேயர்ஹோல்ட் இருவரும் 1939-இல் கைதாகி, 1940-இல் சுடப்பட்டனர். இட்டிஷ் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மிகோயல்ஸ் என்ன செய்தார்? வெளிப்படையாக ஒன்றும் செய்யவில்லை. மக்கள் கலைஞர் என்ற பட்டமும், லெனின் பெயரால் அமைந்த உயர்ந்த விருதும் 1939-இல் அவரைத் தேடி வந்தன, ஏற்றுக்கொண்டார். மேடைக்கூட்டங்களில் மற்றவர்களைப் போலவே தலைவரைப் போற்றினார். சர்க்கஸ் என்னும் 1936-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், கருநிறக் குழந்தை ஒன்றைப் பல இனத்தவரும் தத்தம் மொழியில் தாலாட்டும் காட்சி வரும். அதில் இட்டிஷ் அடியைப் பாடுபவர் மிகோயல்ஸ். எல்லா மொழிகளும் ஒரு தொட்டிலை ஆட்டும் நாடு என்பது அந்தப் படம் சொன்ன சேதி. அச்சேதியை அவர் நம்பினாரா? நம்ப விரும்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போர்க்காலத் தூதர்

1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஜெர்மனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஹிட்லர் யூதருக்கு இழைக்கும் கொடுமை பற்றிய பேச்சு சோவியத் பத்திரிகைகளில் அடங்கிப்போயிற்று. 1941 ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் புகுந்தபோது, எல்லைப்புற ஊர்களின் யூதர் பலருக்கு என்ன வருகிறது என்பதே தெரியவில்லை. மிகோயல்ஸ் பிறந்த ஊரின் யூதரில் பெரும்பாலோர் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர்.

இப்போது அரசுக்கு மிகோயல்ஸ் வேண்டியவரானார். 1941 ஆகஸ்ட் 24-ஆம் நாள் மாஸ்கோ வானொலியில் உலக யூதருக்கு வேண்டுகோள் விடுத்தோருள் முதல்வர் அவரே. 1942-இல் யூதப் பாசிச எதிர்ப்புக் குழு அமைந்தது, அவர் தலைவரானார். 1943-இல் அவரையும் கவிஞர் இட்சிக் பெஃபரையும் அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. மெக்சிகோ, கனடா, இங்கிலாந்து என்று ஏறத்தாழ ஏழு மாதப் பயணம். ஜூலை 8-ஆம் நாள் நியூயார்க்கின் போலோ மைதானத்தில் கூடியவர்கள் 50,000 பேர் என்பர். ஐன்ஸ்டைனைச் சந்தித்தார், சார்லி சாப்ளினைச் சந்தித்தார், பழைய நண்பர் ஷகாலைத் தழுவிக்கொண்டார், நீக்ரோ மக்களின் மாபெரும் பாடகர் பால் ராப்சன் உற்ற நண்பரானார். போருக்கு நிதி குவிந்தது. அரசு சொன்ன ஒவ்வொரு பணியையும் அவர் செய்து முடித்தார். ஆவணங்கள் இன்று சொல்லும் மற்றொரு செய்தி: உடன் சென்ற பெஃபர், உளவுத்துறைக்குச் செய்தி தருபவராகவும் இருந்தார்.

திரும்பி வந்தவரின் மேசையில் கடிதங்கள் குவிந்தன. இவைதாம் என்னை உலுக்கிய ஆவணங்கள். நாடக அரங்கின் தலைவருக்கு யார் எதற்காகக் கடிதம் எழுதுவர்? போர் முனையிலிருந்தும், தப்பிப் பிழைத்த இடங்களிலிருந்தும் ஊர் திரும்பிய யூதர்கள் எழுதினர். வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார். காலி செய்ய மறுக்கிறார். வேலை இல்லை. நிவாரணப் பொருள் எங்களுக்கு மட்டும் வருவதில்லை. வேறு யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல், பெயர் தெரிந்த ஒரே யூதப் பெரியவர் என்று நடிகருக்கு எழுதினர். மிகோயல்ஸ் அவற்றைத் தூக்கி எறியவில்லை. மேலிடத்துக்கு அனுப்பினார். 1944-ஆம் ஆண்டு மே மாதம், மீட்கப்பட்ட பகுதிகளில் யூதர் படும் துயர் குறித்து மாலட்டோவுக்கு எழுதினார். அதற்கு முன்னர் பிப்ரவரியில், வீடிழந்த யூதர்களுக்குக் கிரீமியாவில் குடியிருப்பு அமைக்கலாம் என்று குழுவின் சார்பில் ஸ்டாலினுக்கு விண்ணப்பம் போயிற்று. எழுத்தாளர் எரன்பர்க்கும் குரோஸ்மனும் முன்னின்று, நாஜிகள் செய்த கொலைகளின் சாட்சியங்களைக் கருப்பு நூல் என்ற பெயரில் தொகுத்தனர். அரசு அதை அச்சேற விடவில்லை.

ஒரு விண்ணப்பம், சில முறையீடுகள், ஒரு தொகுப்பு நூல். இவைதாம் பிற்பாடு தேசத்துரோகம் ஆயின.

மின்ஸ்க் நகரில் ஒரு பனி இரவு

போர் முடிந்தது. அமெரிக்கா நண்பன் என்ற நிலை மாறிப் பகைவன் ஆயிற்று. அரசு அனுப்பி அமெரிக்கா போனவர் இப்போது அமெரிக்காவோடு தொடர்புடையவர் ஆனார். ஆயினும் 1946-இல் ஸ்டாலின் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1947 டிசம்பரில் உளவுத்துறை சிலரைக் கைது செய்து, அடித்து, மிகோயல்ஸ் ஸ்டாலினுடைய குடும்பச் செய்திகளை அமெரிக்கருக்காகத் திரட்டுகிறார் என்று வாக்குமூலம் எழுதி வாங்கியது.

1948 ஜனவரி தொடக்கத்தில் மிகோயல்ஸ் மின்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டார். ஸ்டாலின் பரிசுக்கு உரிய நாடகங்களைப் பார்த்து மதிப்பிடும் பணி. உடன் சென்றவர் கோலுபோவ் என்னும் திறனாய்வாளர். ஜனவரி 13 காலை, நகரின் ஒதுக்குப்புறத் தெரு ஒன்றில் பனிக்குள் இருவர் உடல்களும் கிடந்தன. வாகன விபத்து என்று அறிவிப்பு வந்தது.

மாஸ்கோவில் நடந்த இறுதிச் சடங்கு பெரிய அரசு நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கானோர் அரங்கினுள் நடந்து கடைசி முறையாக அவரைப் பார்த்தனர். சிதைந்த முகத்தைச் செப்பனிட்டவர், லெனின் உடலைப் பதப்படுத்திய பேராசிரியர் ஸ்பார்ஸ்கி. அரங்குக்கு மிகோயல்ஸின் பெயரே சூட்டப்பட்டது. பிராவ்தா நாளிதழ் இரங்கல் எழுதியது.

உண்மை என்ன? ஸ்டாலின் 1953 மார்ச் 5-இல் இறந்தார். நான்கு வாரங்கள் கழித்து, ஏப்ரல் 2-ஆம் நாள், உளவுத்துறைக்குப் பொறுப்பேற்றிருந்த பெரியா மேலிடத்துக்கு ஓர் இரகசியக் குறிப்பு எழுதினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது வெளிவந்தது. சிறையிலிருந்த முன்னாள் அமைச்சர் அபாகுமோவும், கொலையில் பங்கு கொண்ட அதிகாரிகளும் கொடுத்த வாக்குமூலம் அதில் இருக்கிறது. ஆணை ஸ்டாலினிடமிருந்து வந்தது. விருந்துக்கு அழைப்பது போல் அழைத்து, பெலோருஷ்ய உளவுத்துறைத் தலைவர் சானாவாவின் ஊர்ப்புற வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே கொன்று, லாரியை ஏற்றி, நள்ளிரவில் தெருவில் கொண்டுவந்து போட்டார்கள். அழைத்துப் போன கோலுபோவ் அவர்களுடைய ஆள்தான். ஆனால் அவர் சாட்சியாகிவிடுவார் என்பதால் அவரையும் சேர்த்தே கொன்றார்கள். செய்தவர்களுக்கு இரகசியமாக விருதுகளும் வழங்கப்பட்டன. ஸ்டாலினின் மகள் ஸ்வெட்லானாவும், தொலைபேசியில் வந்த செய்தியைக் கேட்ட தம் தந்தை, வாகன விபத்து என்றே முடிவு சொன்னதைத் தாம் அருகிலிருந்து கேட்டதாகப் பிற்பாடு எழுதினார்.

கொன்றவரே மாலையும் இட்டனர். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு விடுதிக்கு நடந்தேன். தாத்தாவின் அலமாரி கண்முன் வந்து நின்றது.

கூண்டில் நின்றவர்கள்

தலைவர் போனபின் குழு என்ன ஆகும்? 1948 நவம்பரில் அது கலைக்கப்பட்டது. டிசம்பரில் பெஃபர் கைதானார். உளவு சொன்னது அவரைக் காக்கவில்லை. லியரின் விதூஷகன் ஜூஸ்கின், மருத்துவமனையில் உறக்கச் சிகிச்சையில் இருந்தவர், உறக்கத்தோடேயே தூக்கிச் செல்லப்பட்டார். கண் விழித்தது சிறையில். 1949-இல் மிகோயல்ஸின் பெயர் தாங்கிய அரங்கமும் இழுத்து மூடப்பட்டது. சர்க்கஸ் படத்திலிருந்து அந்த இட்டிஷ் தாலாட்டு வெட்டி எறியப்பட்டது.

அந்த ஆண்டு ஜூனில் பால் ராப்சன் மாஸ்கோவுக்கு வந்தார். நண்பர்கள் எங்கே என்று கேட்டார். பெஃபரைச் சிறையிலிருந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, ராப்சனின் விடுதி அறைக்குக் கொண்டுவந்தார்கள். சுவருக்குக் காதிருந்தது, பெஃபர் சைகையால் நிலைமையை உணர்த்தினார் என்று ராப்சனின் மகன் பின்னர் தெரிவித்தார். தம் இசை நிகழ்ச்சியில் ராப்சன் மிகோயல்ஸின் பெயரை நினைவுகூர்ந்து, யூதரின் போராட்டப் பாடல் ஒன்றை இட்டிஷ் மொழியிலேயே பாடினார்.

1952 மே 8 முதல் ஜூலை 18 வரை அந்த இரகசிய வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் இல்லை. எதிர்வழக்காட எவரும் இல்லை. மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் வதைபட்டவர்கள் அவர்கள். ஆயினும், அந்தக் குறிப்பைப் படிக்கும்போது ஒன்று விளங்கும். உயிருக்கு வழியில்லை என்று தெரிந்த நிலையிலும் மனிதர் நிமிரக்கூடும். மருத்துவர் ஷிமெலியோவிச் எத்தனையோ அடிபட்டும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. முதிய கட்சித் தலைவர் லொசோவ்ஸ்கி, தம் வாக்குமூலத்தை மறுத்து, வழக்கின் பொய்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பெஃபர் கூடத் தாம் உளவு சொன்னவர் என்பதைத் தனி அமர்வில் ஒப்புக்கொண்டு, குற்றச்சாட்டை மறுத்தார். நீதிபதி செப்சோவுக்கே நம்பிக்கை போயிற்று. வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பவேண்டும் என்று மேலிடத்தில் முட்டிப்பார்த்தார். மாலெங்கோவ் மறுத்துவிட்டார். தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டதுதானே!

1952 ஆகஸ்ட் 12-ஆம் நாள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஜூஸ்கின், பெஃபர், லொசோவ்ஸ்கி, ஷிமெலியோவிச், இட்டிஷ் இலக்கியத்தின் தூண்களான மார்க்கிஷ், கிவிட்கோ, ஹாஃப்ஷ்டைன், பெர்கெல்சன். பெர்கெல்சனுக்கு அன்று 68-ஆவது பிறந்த நாள். அறிவியலாளர் லீனா ஷ்டெர்ன் அம்மையார் மட்டும் நாடு கடத்தலோடு தப்பினார். மற்றொருவர் நோயுற்று அடுத்த ஜனவரியில் சிறையிலேயே இறந்தார். குடும்பத்தாருக்கு 1955 வரை உண்மை சொல்லப்படவில்லை.

ஒரே நாளிதழ்

பிராவ்தா என்றால் உண்மை என்று பொருள். அந்த இதழ் மிகோயல்ஸைப் பற்றி எழுதிய மூன்று செய்திகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1948 ஜனவரியில் அவர் மாபெரும் கலைஞர். 1953 ஜனவரி 13-இல், அவர் உடல் கிடைத்த நாளுக்குச் சரியாக ஐந்து ஆண்டு கழித்து, மருத்துவர்களைக் கொண்டு தலைவர்களைக் கொல்ல நடந்த சதியின் இடைத்தரகர், யூத முதலாளித்துவ தேசியவாதி. கைதான மருத்துவர்களுள் ஒருவர் மிகோயல்ஸின் உறவினர் மிரோன் வோவ்சி; போரில் செம்படையின் தலைமை மருத்துவராக இருந்தவர். ஸ்டாலின் இறந்ததும் சதி என்பதே கட்டுக்கதை என்று மருத்துவர்கள் விடுவிக்கப்பட்டனர். 1953 ஏப்ரல் 6-இல் அதே இதழில் மிகோயல்ஸ் மீண்டும் நேர்மையானவர், அவதூறுக்கு ஆளானவர். அப்போதும், அவரைக் கொன்றது யார் என்ற சொல் மட்டும் அச்சேறவில்லை. அது கோப்புக்குள் நாற்பது ஆண்டு காத்திருந்தது.

கோப்பின் தன்மை விந்தையானது. பொய் சொல்லும் அரசும் தனக்கென்று உண்மையை எழுதி வைத்துக்கொள்கிறது. யார் ஆணையிட்டார், யார் வண்டி ஓட்டினார், யாருக்கு என்ன விருது என்று தேதி போட்டுக் கையொப்பமிட்டு அடுக்குகிறது. படிக்க ஒருவரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை! அரங்கின் சொந்த ஆவணங்களும் ஓர் அருங்காட்சியகத்திற்குப் போய், 1953-இல் அங்கே பிடித்த தீயில் ஓரங்கள் கருகின. கருகிய தாள்கள் இன்றும் மாஸ்கோவின் காப்பகத்தில் இருக்கின்றன. ஷகாலின் ஓவியத் துணிகள் டிரெட்யாகோவ் கலைக்கூடத்தின் சேமிப்பறையில் சுருட்டிக் கிடந்தன. 1973-இல் முதிய ஷகால் மாஸ்கோ வந்தபோது அவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். அவர் அரை நூற்றாண்டு கழித்துக் கையொப்பமிட்டார். திரைப்படத்தின் தாலாட்டையும் மீண்டும் ஒட்டிவிட்டார்கள். ஆனால் அதைக் கேட்டு வளர்ந்திருக்கவேண்டிய ஒரு தலைமுறையை எங்கே போய் ஒட்டுவது?

மிகோயல்ஸ் குற்றமற்ற வீரர் என்று நான் பாடவில்லை. அவர் பேசாத நேரங்கள் உண்டு. பேசக்கூடாததைப் பேசிய நேரங்களும் உண்டு. அரசின் கையைப் பற்றிக்கொண்டு தம் மொழியை வாழ வைக்கலாம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை அவரையும் ஏமாற்றியது; அவரை நம்பியவர்களையும் ஏமாற்றியது. எனினும், எளியவர் எழுதிய அந்தக் கடிதங்கள் மேசைமேல் குவிந்த வேளையில், அவர் அவற்றை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டியிருக்கலாம். பட்டமும் பரிசும் பத்திரமாக இருந்திருக்கும். அவரோ ஒரு தாளை எடுத்து மேலிடத்துக்கு எழுதினார். என் கணக்கில் லியரைவிடப் பெரிய பாத்திரம் அதுவே.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது தாத்தாவின் அலமாரியைத் திறந்தேன். மாஸ்கோ நூல்களை நான் அகற்றவில்லை. டால்ஸ்டாய் என்ன குற்றம் செய்தார்? அவற்றை மொழிபெயர்த்த தமிழர்தாம் என்ன குற்றம் செய்தனர்? விசாரணைக் குறிப்பின் படி ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதை அதே தட்டில், அவற்றின் பக்கத்திலேயே வைத்தேன். தாத்தா இருந்திருந்தால் கேள்வி கேட்டிருப்பார். கேட்டால் இந்தக் கதையை முழுவதும் சொல்லியிருப்பேன். அவர் இல்லை, ஆகவே உங்களுக்குச் சொன்னேன்.